வலது கை போனது, பியானோ போகவில்லை! உலக மேதைகளைத் தனக்காக எழுத வைத்த பால் விட்கென்ஸ்டைன் யார்?

1932-ம் ஆண்டின் தொடக்கம். ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் ஒரு பெரிய மாளிகையில் விருந்து நடக்கிறது. விருந்தினர்களில் முக்கியமானவர் பிரான்ஸின் புகழ்பெற்ற இசையமைப்பாளர் மோரீஸ் ரவெல். சாப்பாடு முடிந்ததும் வீட்டுக்காரர் பியானோ முன் உட்காருகிறார். அவருக்கு வலது கை கிடையாது. இடது கையால் மட்டும் வாசிக்கத் தொடங்குகிறார்.

வாசிப்பது ரவெல் எழுதிய இசைதான். வீட்டுக்காரர் பணம் கொடுத்து எழுதச் சொன்ன இசை அது. தன்னுடைய அந்தப் படைப்பை ஒருவர் வாசித்து ரவெல் கேட்பது அன்றுதான் முதல் முறை. ஆனால் கேட்கக் கேட்க அவர் முகம் மாறுகிறது. ஏன்னா, தான் எழுதாத பலதும் அதில் இருக்கு. சில இடங்கள் மாற்றப்பட்டிருக்கு, சில இடங்கள் புதிதாகச் சேர்க்கப்பட்டிருக்கு.

வாசித்து முடித்ததும் ரவெல் நேராக அவரிடம் போய், இது நான் எழுதியதே இல்லை என்று கோபத்தோடு சொல்லிவிட்டார்.

அந்த வீட்டுக்காரரின் பெயர் பால் விட்கென்ஸ்டைன். முதல் உலகப்போரில் வலது கையை இழந்தவர். அதற்குப் பிறகும் மேடை ஏறி, ரவெல், ரிச்சர்ட் ஸ்ட்ராஸ், ப்ரோகோஃபியேவ், பிரிட்டன் என 20-ம் நூற்றாண்டின் பெரிய இசையமைப்பாளர்களை ஒற்றைக் கைக்காக எழுத வைத்தவர். அதே மனிதர்தான், தனக்காக எழுதப்பட்ட சில படைப்புகள் பல ஆண்டுகள் யார் காதிலும் விழாமல் இருக்கவும் காரணமானவர்.

பணம் கொடுத்து எழுத வைத்த இசை யாருக்குச் சொந்தம்? எழுதியவருக்கா, பணம் கொடுத்தவருக்கா, வாசிப்பவருக்கா? சினிமா பாடல் உரிமைச் சண்டைகளைப் பார்த்த நமக்கு இந்தக் கேள்வி புதுசு இல்லை. விட்கென்ஸ்டைனின் வாழ்க்கை முழுக்க இந்தக் கேள்விதான். விரிவாகப் பார்க்கலாம்.

கோடீஸ்வர வீட்டுப் பிள்ளை

பால் விட்கென்ஸ்டைன் 1887 நவம்பர் 5-ல் வியன்னாவில் பிறந்தார். அப்பா கார்ல் விட்கென்ஸ்டைன், இரும்பு எஃகுத் தொழிலில் கொடிகட்டிப் பறந்தவர். அன்றைய ஐரோப்பாவின் பெரும் பணக்காரர்களில் ஒருவர்.

அந்த வீட்டில் பணத்துக்கு இணையாக இசையும் இருந்தது. இசை மேதை பிராம்ஸ் அங்கு வந்து போவார். ரிச்சர்ட் ஸ்ட்ராஸ், சிறுவன் பாலுடன் சேர்ந்து பியானோ வாசித்ததும் உண்டு. பாலின் தம்பி யார் தெரியுமா? தத்துவ உலகை உலுக்கிய லுட்விக் விட்கென்ஸ்டைன்.

வெளியில் இருந்து பார்த்தால் குறையே இல்லாத குடும்பம். உள்ளே நிலைமை வேறு. பாலின் அண்ணன்கள் மூன்று பேரைக் குடும்பம் அகால மரணத்தில் இழந்தது. பிள்ளைகள் தொழிலைத்தான் பார்க்கணும் என்பதில் அப்பா பிடிவாதமாக இருந்தார். இசையையே தொழிலாக எடுத்துக்கொள்வது அந்த வீட்டில் அவ்வளவு சுலபம் இல்லை.

ஆனால் பால் விடவில்லை. அந்தக் காலத்தின் பெரிய பியானோ ஆசிரியரான தியோடர் லெஷெட்டிஸ்கியிடம் படித்தார். கண் பார்வையற்ற இசையமைப்பாளர் ஜோசப் லபோரிடமும் இசை கற்றார். அப்பா 1913 தொடக்கத்தில் இறந்துபோனார். அதே ஆண்டு டிசம்பர் 1-ம் தேதி, வியன்னாவின் புகழ்பெற்ற மியூசிக்ஃபெராய்ன் அரங்கில் பாலின் அரங்கேற்றம் நடந்தது. அப்போது வயது 26.

எட்டே மாதம். எல்லாம் தலைகீழானது.

ஒரு குண்டு, ஒரு கை

1914 ஆகஸ்ட். முதல் உலகப்போர் தொடங்கியிருந்தது. பால் ஆஸ்திரிய ராணுவத்தில் இருந்தார். இன்றைய போலந்தில் உள்ள சமோஷ்ச் நகருக்கு அருகே, எதிரிகளின் நிலையை வேவு பார்க்கப் போன இடத்தில் வலது முழங்கையில் குண்டு பாய்ந்தது.

கள மருத்துவமனையில் கையைத் துண்டிப்பதைத் தவிர வேறு வழியில்லை. மயக்கம் தெளிந்து பார்த்தால் கை இல்லை. சுற்றி நின்றவர்கள் ரஷ்ய ராணுவத்தினர். அதற்குள் அந்த மருத்துவமனையே அவர்கள் கைக்குப் போயிருந்தது. ஒரே நாளில் கையும் போச்சு, சுதந்திரமும் போச்சு.

அங்கிருந்து சைபீரியாவின் ஓம்ஸ்க் நகருக்குப் போர்க்கைதியாகக் கொண்டு செல்லப்பட்டார்.

இங்கேதான் கதை மாறுகிறது. கைதியாக இருந்த இடத்தில் ஒரு காலி மரப்பெட்டி. அதன் மேல் கரியால் பியானோ கட்டைகளை வரைந்தார். அதில் இடது கையால் தட்டித் தட்டிப் பயிற்சி எடுத்தார். சத்தமே வராத பியானோ அது. இசை அவர் தலைக்குள் மட்டும் ஓடியது.

கூடவே, தன் ஆசிரியர் லபோருக்குக் கடிதம் எழுதினார். இடது கைக்கு மட்டும் ஒரு படைப்பு எழுதித் தர முடியுமா என்பதுதான் கோரிக்கை. மாணவனுக்கு நேர்ந்ததை முன்பே கேள்விப்பட்ட அந்த முதியவர், கடிதம் வருவதற்கு முன்பே எழுதத் தொடங்கிவிட்டார்.

1915 இறுதியில் கைதிகள் பரிமாற்றத்தில் பால் வீடு திரும்பினார். 1916 டிசம்பர் 12-ல் லபோர் எழுதிய படைப்பை வியன்னா மேடையில் வாசித்தார். அதோடு நிற்கவில்லை. அடுத்த ஆண்டே, ஒற்றைக் கையோடு மீண்டும் ராணுவத்தில் சேர்ந்து பணியாற்றினார். அவ்வளவு பிடிவாதம்!

ஒரே கையால் பியானோ வாசிக்க முடியுமா?

பியானோவில் 88 கட்டைகள். இடது பக்கம் அடித்தொனி, வலது பக்கம் உச்சத் தொனி. வழக்கமாக வலது கை மெட்டை வாசிக்கும், இடது கை அடித்தளம் போடும். ஒரு கை இல்லைன்னா பாதி இசை இல்லை என்றுதான் நமக்குத் தோன்றும்.

ஆனால் இடது கைக்கு ஒரு சாதகம் உண்டு. இடது கையைக் கட்டைகள் மேல் வைத்தால் கட்டைவிரல் வலது பக்கம், அதாவது உச்சத் தொனி பக்கம் இருக்கும். விரல்களிலேயே பலமானது கட்டைவிரல். அதனால் மெட்டைக் கட்டைவிரல் பார்த்துக்கொள்ளும். மற்ற நான்கு விரல்கள் அடித்தளத்தைப் பார்த்துக்கொள்ளும்.

இன்னொரு உதவி, காலுக்குக் கீழே இருக்கும் பெடல். அதை அழுத்தினால், கையை எடுத்த பிறகும் ஒலி நீடிக்கும். கீழே ஒரு அடித்தொனியை வாசித்து, பெடலில் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு, கண் இமைக்கும் நேரத்தில் கை மேலே தாவிவிடும். கேட்பவருக்கு இரண்டு கையால் வாசிப்பது போலவே இருக்கும்.

பாலுக்கு முன்பே ஒருவர் இதைச் செய்து காட்டியிருந்தார். ஹங்கேரியைச் சேர்ந்த கெசா ஜிச்சி என்ற பிரபு, சிறுவயதில் வேட்டை விபத்தில் வலது கையை இழந்து, இடது கைக் கலைஞராக ஐரோப்பா முழுக்க வாசித்தவர்.

வித்தை கைவசம் வந்தாலும் பாலுக்கு ஒரு பிரச்னை இருந்தது. வாசிக்க என்ன இருக்கு? பெரிய இசைக்குழுவோடு மேடையில் வாசிக்கும் அளவுக்கு இடது கைக்கான படைப்புகள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. இல்லைன்னா என்ன, எழுத வைப்போம் என்று முடிவு செய்தார்.

ஆர்டர் கொடுத்து எழுதும் இசை

ஒரு இசையமைப்பாளருக்குப் பணம் கொடுத்து, எனக்கு இப்படி ஒரு படைப்பு வேணும் என்று கேட்டு எழுத வைப்பதை மேற்கத்திய இசையில் கமிஷன் என்பார்கள். நம்ம ஊர் புரோக்கர் கமிஷன் இல்லை, இது வேற. பணம் கொடுத்தவருக்குப் பெரும்பாலும் முதல் அரங்கேற்ற உரிமை கிடைக்கும். சில ஆண்டுகளுக்கு வேறு யாரும் வாசிக்கக் கூடாது என்ற நிபந்தனையும் இருக்கும்.

பாலிடம் பணம் இருந்தது. அதில் ஒரு சுவாரஸ்யமும் உண்டு. தத்துவ மேதையான தம்பி லுட்விக், போர் முடிந்ததும் தனக்குச் சேர வேண்டிய சொத்து முழுவதையும் உடன்பிறந்தவர்களுக்கே கொடுத்துவிட்டார். அதில் பாலுக்கும் பங்கு வந்தது. தம்பி வேண்டாம் என்று தள்ளிய பணமும் சேர்ந்துதான் அண்ணனின் கையில் இருந்தது.

1920-களில் ஆர்டர்கள் பறந்தன. ஃபிரான்ஸ் ஷ்மித் எழுதினார். எரிக் கோர்ன்கோல்ட் எழுதினார். இவர்தான் பின்னாளில் ஹாலிவுட் போய், ராபின் ஹூட் படத்தின் இசைக்காக ஆஸ்கர் வாங்கியவர். பால் ஹிண்டமித் எழுதினார். சிறுவயதில் கூட உட்கார்ந்து வாசித்த ரிச்சர்ட் ஸ்ட்ராஸ், ஒன்றல்ல, இரண்டு படைப்புகள் எழுதிக் கொடுத்தார். மொத்தத்தில் பத்துக்கும் மேற்பட்ட இசையமைப்பாளர்கள் பாலின் இடது கைக்காக எழுதினார்கள்.

ரவெலோடு மோதல்

1929-ல் ரவெலிடம் போனார் பால். இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். முதல் உலகப்போரில் பால் ஒரு பக்கம், ரவெல் எதிர்ப்பக்கம். பிரான்ஸ் ராணுவத்தில் டிரக் ஓட்டியவர் ரவெல். போர் முடிந்து பத்தாண்டு கழித்து, எதிர்ப்பக்கத்தில் கையை இழந்த ஒருவருக்காக அவர் இசை எழுதினார்.

அப்படிப் பிறந்ததுதான் இடது கைக்கான பியானோ கான்செர்ட்டோ. கான்செர்ட்டோ என்றால் ஒரு தனிக் கலைஞரும் முழு இசைக்குழுவும் எதிரும் புதிருமாகவும் சேர்ந்தும் வாசிக்கும் படைப்பு. ரவெலின் படைப்பு இருட்டுக்குள் இருந்து வருவது போல அடித்தொனி வாத்தியங்களில் தொடங்கும். மெல்ல மெல்ல இசைக்குழு முழுவதும் எழும். பிறகு எல்லாரும் நின்றுவிட, பியானோ மட்டும் தனியாக நீண்ட நேரம் பேசும். இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கண்ணை மூடிக் கேட்டால் ஒற்றைக் கை என்று நம்பவே முடியாது.

பாலுக்கு முதலில் அது பிடிக்கவில்லை. அந்த நீண்ட தனி ஆவர்த்தனம்தான் உறுத்தல். தனியாக வாசிக்க நினைத்திருந்தால் இசைக்குழுவோடு வாசிக்கும் படைப்பை ஏன் கேட்டிருப்பேன் என்பது அவர் வாதம். ஆனாலும் 1932 ஜனவரி 5-ல் வியன்னாவில் முதல் அரங்கேற்றம் நடந்தது. ரவெல் அந்த நிகழ்ச்சிக்கு வரவில்லை. சில வாரம் கழித்து வியன்னா வந்தபோதுதான், தொடக்கத்தில் சொன்ன அந்த விருந்து நடந்தது.

அதற்குப் பிறகு நடந்தது கடிதப் போர். எழுதியதை எழுதியபடியே வாசிப்பேன் என்று உறுதி கொடுங்கள் என்றார் ரவெல். கலைஞன் ஒன்றும் அடிமை இல்லை என்று பால் பதில் எழுத, வாசிப்பவர் அடிமைதான் என்று ரவெல் திருப்பி அடித்தார்.

யார் பக்கம் நியாயம்? பால் பக்கம் பார்த்தால், மேடையில் உட்கார்ந்து அந்த இசைக்கு உயிர் கொடுப்பவர் அவர்தான். பணமும் அவருடையது. ரவெல் பக்கம் பார்த்தால், அந்த இசை அவர் பெயரில்தான் காலம் கடந்து நிற்கப்போகிறது. அதில் வேறொருவர் கை வைப்பதை எப்படி ஏற்பார்?

கடைசியில் ஒருவழியாகச் சமாதானம் ஆனது. 1933 ஜனவரியில் பாரிஸில் பால் வாசிக்க, ரவெலே இசைக்குழுவை நடத்தினார். மாதக்கணக்கில் பயிற்சி செய்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய படைப்பு என்று புரிந்தது எனப் பின்னாளில் பாலே ஒப்புக்கொண்டார். பாலின் தனி உரிமைக் காலம் முடிந்ததும், ரவெல் தான் விரும்பிய ஜாக் ஃபெவ்ரியே என்ற கலைஞரை 1937-ல் பாரிஸில் வாசிக்க வைத்தார். அதே ஆண்டு டிசம்பரில் ரவெல் காலமானார்.

கேட்கப்படாமலே போன இசை

ரவெலுக்காவது சண்டை போட வாய்ப்பு கிடைத்தது. மற்ற சிலருக்கு அதுவும் இல்லை.

ரஷ்யாவின் செர்ஜி ப்ரோகோஃபியேவ் 1931-ல் தன் நான்காவது பியானோ கான்செர்ட்டோவை பாலுக்காக எழுதி அனுப்பினார். பாலின் பதில் ஒரே வரிதான். நன்றி, ஆனால் ஒரு சுரம்கூடப் புரியவில்லை, வாசிக்க மாட்டேன். அவ்வளவுதான். 1953-ல் ப்ரோகோஃபியேவ் இறக்கும் வரை அந்தப் படைப்பு மேடை ஏறவே இல்லை.

ஹிண்டமித்தின் நிலை இன்னும் மோசம். 1923-ல் அவர் எழுதிக் கொடுத்ததை பால் பெட்டியில் வைத்துப் பூட்டினார். வாசிக்கவும் இல்லை, வெளியே கொடுக்கவும் இல்லை. ஹிண்டமித் 1963-ல் இறந்தார். அவரும் அதைக் கேட்கவில்லை.

வேறு யாராவது கேட்டால் கொடுத்தாரா? அதுவும் இல்லை. இரண்டாம் உலகப்போரில் வலது கையை இழந்த ஜெர்மானிய பியானோ கலைஞர் சீக்ஃப்ரீட் ராப், 1950-ல் பாலுக்குக் கடிதம் எழுதினார். உங்களுக்காக எழுதப்பட்ட படைப்புகளை நானும் வாசிக்கலாமா என்று கேட்டார். பால் மறுத்துவிட்டார். நான் கட்டிய வீட்டில் வேறொருவர் குடியேற முடியாது என்பதுதான் அவர் பதிலின் சாரம்.

ஒரு காலத்தில் சைபீரியாவில் இருந்து ஆசிரியருக்குக் கடிதம் எழுதி ஒரு படைப்பு கேட்டவர் அவர். அதே நிலையில் இன்னொருவர் கேட்டபோது கதவைச் சாத்திவிட்டார். அவர் வாழ்க்கையில் மன்னிக்கக் கஷ்டமான பக்கம் இது.

வீடும் போச்சு, நாடும் போச்சு

பாலின் மனதைப் புரிந்துகொள்ள 1938-ஐயும் பார்க்கணும். அந்த ஆண்டு மார்ச்சில் ஹிட்லரின் ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்கியது. விட்கென்ஸ்டைன் குடும்பம் தலைமுறைகளாகக் கிறிஸ்தவக் குடும்பம்தான். ஆனால் தாத்தா பாட்டிகளில் மூவர் யூத வம்சம் என்பதால், நாஜி சட்டப்படி பாலும் யூதர்.

நாட்டுக்காகக் கையைக் கொடுத்தவருக்கு அந்த நாட்டிலேயே மேடை மறுக்கப்பட்டது. ஆசிரியர் வேலையும் போனது. 1938 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்துக்குத் தப்பினார். அங்கிருந்து அமெரிக்கா. வியன்னாவில் தங்கிவிட்ட சகோதரிகளைக் காப்பாற்ற, வெளிநாட்டில் இருந்த குடும்பத் தங்கத்தில் பெரும்பகுதி நாஜிகளுக்குப் போனது. அந்தப் பேரத்தில் எழுந்த மனக்கசப்பில் பால் குடும்பத்தோடு உறவையே முறித்துக்கொண்டார்.

அமெரிக்காவிலும் அவர் ஆர்டர் கொடுப்பதை நிறுத்தவில்லை. அப்போது இளைஞராக இருந்த இங்கிலாந்தின் பெஞ்சமின் பிரிட்டன் அவருக்காக எழுதினார். இங்கேயும் இசையை மாற்றச் சொல்லி உரசல்தான். 1942 ஜனவரியில் ஃபிலடெல்ஃபியாவில் அது அரங்கேறியது. 1946-ல் பால் அமெரிக்கக் குடிமகன் ஆனார். மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். இடது கைப் பயிற்சிக்கான பாடநூலை 1957-ல் வெளியிட்டார். 1961 மார்ச் 3-ல், 73 வயதில் காலமானார்.

பெட்டி திறந்தது

பால் மறுத்த ராப் என்ன ஆனார்? ப்ரோகோஃபியேவ் குடும்பத்தின் வழியாக அந்த நான்காவது கான்செர்ட்டோவைப் பெற்றார். 1956 செப்டம்பரில் மேற்கு பெர்லினில் அதை முதன்முதலில் வாசித்தவர் அவர்தான். எழுதி 25 ஆண்டு கழித்து. அப்போது பால் உயிரோடுதான் இருந்தார்.

ஹிண்டமித்தின் படைப்பு, பாலின் மனைவி காலமான பிறகு, 2002-ல் குடும்பத்தின் காகிதங்களுக்கு நடுவே கிடைத்தது. 2004 டிசம்பரில் பெர்லின் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு அது அரங்கேறியது. எழுதி 81 ஆண்டு! வாசித்தவர் அமெரிக்கக் கலைஞர் லியோன் ஃபிளைஷர். 1960-களில் நரம்புக் கோளாறால் வலது கை விரல்கள் ஒத்துழைக்காமல் போனவர். அவரை மேடையில் தாங்கி நிறுத்தியது எது? பால் எழுத வைத்த ரவெலின் கான்செர்ட்டோ உள்ளிட்ட இடது கைப் படைப்புகள்தான்.

இன்று எப்படி நடக்கிறது?

இன்று பெரிய புதிய படைப்புகளைப் பல நேரங்களில் ஒரே ஆள் ஆர்டர் கொடுப்பதில்லை. பல நாடுகளின் இசைக்குழுக்களும் கலைஞர்களும் சேர்ந்து கொடுக்கிறார்கள். செலவைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஒருவருக்கு உலக அரங்கேற்றம், மற்றவர்களுக்கு அவரவர் நாட்டில் முதல் அரங்கேற்றம். தனி உரிமையும் குறிப்பிட்ட காலத்துக்குத்தான்.

இதில் பணம் மட்டும் மிச்சம் இல்லை. ஒருவருக்குப் பிடிக்கவில்லை என்றாலும் அடுத்த ஊரில் அந்த இசை ஒலிக்கும். தனி ஒருவரின் பெட்டிக்குள் அது பூட்டப்படும் ஆபத்து குறைவு.

பால் விட்கென்ஸ்டைன் இல்லை என்றால் அந்தப் படைப்புகளில் பலவும் பிறந்தே இருக்காது. அவர் கையிலேயே இருந்திருந்தால் சில படைப்புகள் வெளியே வந்தே இருக்காது. இரண்டுமே உண்மை. இன்று ரவெலின் அந்தக் கான்செர்ட்டோவை உலகம் முழுக்க வாசிக்கிறார்கள். கையை இழந்தவர்கள் வாசிக்கிறார்கள். இரண்டு கையும் உள்ளவர்கள்கூட வலது கையை மடியில் வைத்துக்கொண்டு வாசிக்கிறார்கள். அவர் கட்டிய வீட்டில் இன்று எல்லாரும் குடியிருக்கிறார்கள்.